வெள்ளை பிரஷ்ஷில் ஏறிய மஞ்சள்

முதல்ல அந்த டம்ளரைக் கீழே வை, ஜெனிட்டா. தண்ணி சொட்டச் சொட்ட மேக்கப் பிரஷ்ஷையெல்லாம் பூச்செண்டு மாதிரி நட்டு வச்சிருக்கியே, உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? துணி எடுக்க மாடிக்கு வந்தவ உன் ஜன்னல்ல பாத்தேன். பாத்துட்டு சும்மா இறங்கிப் போக என்னால முடியல. அதான் கதவைத் தட்டி, டம்ளரோட கீழே வான்னு கூப்பிட்டேன். குடிவந்த பிள்ளைங்களை அதட்டுற ஆள் இல்ல நான். வாடகைக்கு விட்டா விட்டதுதான், மாடியில நீ என்ன சமைக்கிறே, யார்கூட போன்ல பேசுறேன்னு நான் கேட்டிருக்கேனா? நேத்து மத்தி மீன் பொரிச்சே. கேட்டேனா? ஆனா இது வேற.

உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், அதுல துண்டு காயுது. இப்படி உக்காரு.

ஆன்ட்டின்னு கூப்பிடு, பரவாயில்ல. ஆனா கொஞ்சம் அழுத்திக் கூப்பிடு. நீ கூப்பிடுறது ஆண்டின்னு கேக்குது. பழனிக்குக் காவடி எடுத்துட்டு நிக்கிற மாதிரி இருக்கு எனக்கு. எங்க கான்வென்ட்ல இதுக்கே பெஞ்சு மேல ஏத்தி விட்டிருப்பாங்க.

இங்க பாரு. முடியும் கட்டையும் சேர்ற இடத்துல வெள்ளி மாதிரி ஒரு தகடு இருக்கா? அதுதான் கழுத்து. அதுக்குள்ள கோந்து இருக்கு. அந்தக் கோந்துதான் முடியைப் பிடிச்சு வச்சிருக்கு. நீ ஈரத்தோட நிமிர்த்தி வச்சா தண்ணி நேரா கழுத்துக்குள்ள இறங்கும். இறங்கினா கோந்து விட்டுப் போகும். வெளியே பாத்தா ஒண்ணும் தெரியாது. கல்லு மாதிரி நிக்கும். கன்னத்துல வச்சு ஒரு இழுப்பு இழுத்தா முடி முடியா வரும். அதனால கழுத்து நனையவே கூடாது. கேட்டியா? வெதுவெதுன்னு தண்ணி, குழந்தைங்க போடுற ஷாம்பு ரெண்டு சொட்டு, முடியோட நுனியை மட்டும் முக்கி உள்ளங்கையில வட்டமா சுத்தணும். அழுத்தக் கூடாது. நுரையில கலர் வர்றது நிக்கிற வரைக்கும் அலசணும். அப்புறம் துண்டுல ஒத்தி எடுத்து, விரலால முடியைச் சேர்த்து உருவம் பண்ணி, மேஜை விளிம்புல படுக்க வைக்கணும். தலை மட்டும் வெளியே தொங்கணும். அப்பத்தான் சுத்தி காத்து போகும். வெயில்ல வைக்கக் கூடாது, முடி மொறுமொறுன்னு ஆகி ஒடிஞ்சிடும்.

என்ன பாக்கிறே? இந்த வயசுல இந்தப் பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? நான் பவுடர் தவிர ஒண்ணும் போடுறதில்ல. அதோ அந்த மேஜை விளிம்பைப் பாரு. வரிசையா படுத்திருக்கே, அதெல்லாம் எம் பிள்ளையோடது. திலகவதி. ஊருக்கு திலா. "திலா பிரைடல்"னு போர்டு வச்சிருந்தா, வாசல்ல ஆணி அடிச்ச ஓட்டை இன்னும் இருக்கு. வாராவாரம் வெள்ளிக்கிழமை இதுகளைக் கழுவி வைக்கிறேன். பொம்பளைப் பிள்ளைங்க தலைக்குக் குளிக்கிற நாள்தானே. இதுகளுக்கும் அன்னைக்குத்தான் குளியல்.

சிரிக்காதே. அந்த நடுவுல குண்டா ஒண்ணு இருக்கு பாரு, அது ஆட்டு முடி. ஆமா, ஆடு. முட்டை கூட வாசல்படி தாண்டாத வீடு இது. நாங்க சைவம். எங்க மாமியார் இருந்திருந்தா பிரஷ்ஷோட சேர்த்து என்னையும் வெளியே போட்டிருப்பாங்க. அது ஆட்டு முடின்னு அவ எங்கிட்ட சொல்லவே இல்ல, கள்ளி. அவ போன பிறகு, எப்படிக் கழுவுறதுன்னு போன்ல வீடியோ பாக்கிறப்பத்தான் தெரிஞ்சது. இப்ப அந்த ஆட்டுக்குத்தான் நான் வாராவாரம் தலைக்கு ஊத்திக்கிட்டிருக்கேன்.

அது வெள்ளை பிரஷ். இப்ப வெள்ளையா இருக்கான்னு கேட்டா... வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. மஞ்சள்னு சொல்லாதே. லேசா ஒரு இது. போயிடும். ஆவணி பிறக்கிறதுக்குள்ள போயிடும். ஆடியில யார் கல்யாணம் வைக்கிறாங்க? அதனாலதான் அவ வரல. ஆவணி பிறந்துட்டா முகூர்த்தத்துக்கு மேல முகூர்த்தம், பிரஷ் இல்லாம என்ன செய்வா? வந்துதானே ஆகணும். வரும்போது இது வெள்ளையா இருக்கணும். எனக்கு அவ்வளவுதான்.

இரு, காப்பி போடுறேன். வேண்டாமா? அப்ப பேச்சைக் கேளு.

எம் பிள்ளை பி.காம். படிச்சவ. பேங்க் பரீட்சை எழுதுடின்னேன். நீ எழுதி வேலையில உக்காந்திருக்கே பாரு, அந்த மாதிரி. அவ என்ன சொன்னா தெரியுமா? "எனக்கு முகம் பிடிக்கும்மா"ன்னா. முகம் பிடிக்குமாம். இது ஒரு பதிலா? எங்க கான்வென்ட் மதர் க்ளமென்டைன் இருந்திருந்தா அந்த வாக்கியத்தை நூறு தடவை எழுத வச்சு, அர்த்தம் வருதான்னு பாருன்னு சொல்லியிருப்பாங்க. ஆனா கைக்கு ஒரு ராசி இருந்தது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். கறுத்த பிள்ளைக்கு வெள்ளையடிச்சு விட மாட்டா. அந்தக் கறுப்பையே மினுமினுன்னு ஆக்கிடுவா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூக்குல விரலை வைப்பாங்க.

ஒரே ஒரு தடவை எனக்குப் போட்டு விட்டா. எங்க கொழுந்தனார் மக கல்யாணம். நான் எங்க உக்காருவேன்? கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சுட்டா. இதோ இந்தக் குண்டு பிரஷ்தான். கன்னத்துக்கிட்ட கொண்டு வந்து, "கண்ணை மூடிக்கோங்க. கூசும், சிரிச்சிடாதீங்க"ன்னா. பெத்த அம்மாவை வாங்க போங்கன்னு சொல்றா! எல்லாருக்கும் அதையேதான் சொல்லுவாளாம், வாய் தானா வந்துடுமாம். நான் சிரிச்சிட்டேன். கூசிச்சு. வேற எதுக்குச் சிரிக்கப் போறேன்?

சரி, அது இருக்கட்டும். போன ஆவணியில நடந்ததைச் சொல்றேன். நீயே சொல்லு யார் மேல தப்புன்னு.

எப்சிபான்னு ஒரு பிள்ளை. உங்க ஆளுங்கதான், சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. அவ அம்மா கணக்கு டீச்சர். கல்யாணம் நிச்சயம் ஆகி, மேக்கப்புக்கு எங்க திலாவைத்தான் சொல்லி வச்சிருந்தாங்க. வெள்ளைப் புடவை எடுத்து, அதுக்கு எந்தப் பூ, எந்தக் கலர்னு ரெண்டும் இங்க இந்த மேஜையில உக்காந்து மணிக்கணக்கா பேசும். நல்ல பிள்ளை. வரும்போதும் போகும்போதும் எனக்கு ஒரு வணக்கம் உண்டு. கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கிறப்ப டெங்கு வந்து போயிட்டா. பாவம்தான். நான் பாவம் இல்லேன்னு சொன்னேனா?

மறுநாள் காலையில அந்த டீச்சர் நம்ம கேட்டுல வந்து நிக்கிறாங்க. உள்ளே வரல. தலையெல்லாம் கலைஞ்சு கிடக்கு. கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "திலாம்மா, கல்யாணத்துக்கு வரேன்னு சொன்னேல்ல? இன்னைக்கே வந்திடும்மா"ன்னாங்க.

அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை பேசல. இவ உள்ளே ஓடி, பிரஷ்ஷெல்லாம் சொருகி வைக்கிற துணிச் சுருளை எடுத்துட்டா. நான் வாசல்ல மறிச்சேன். "ஏட்டி, நாளை விடிஞ்சா ரைஸ் மில்காரங்க வீட்டு முகூர்த்தம். நீ இதைத் தூக்கிக்கிட்டு எங்க போறே? வேணும்னா போய் மாலை போட்டுட்டு வா. பிரஷ் எதுக்கு?"ன்னேன். அவ என்னைப் பாக்கக் கூட இல்ல. எங்க வீட்டுக்காரங்க ஈஸி சேர்ல இருந்து எழுந்து வந்து, "போகட்டும் விடு மங்கை. வாக்குக் கொடுத்திருக்கா"ங்கிறாங்க. வாழ்நாள் முழுக்க கரண்ட் ஆபீஸ்ல உக்காந்தவங்களுக்கு வாக்கைப் பத்தி என்ன தெரியும்? எது உடைஞ்சாலும் ஒரு சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுத்துவாங்க, அதுதான் தெரியும். குடைப் பிடி, மூக்குக் கண்ணாடி, என் சப்பாத்திக் கட்டை, எதைப் பாத்தாலும் சிவப்பு டேப். என் வாயிலயும் ஒரு சுத்து சுத்தியிருப்பாங்க, பயம்.

போயிட்டு மத்தியானம் வந்தா. நான் கொல்லைப் பக்கமா வரச் சொல்லி, ரெண்டு குடம் தண்ணி தலையில ஊத்தித்தான் உள்ளே விட்டேன். நீ வேற மாதிரி நினைக்காதே. தீட்டு, தோஷம் அதெல்லாம் எங்க அம்மா காலம். நான் கான்வென்ட்ல படிச்சவ. எனக்கு ஹைஜீன். வாரா வாரம் நகத்தை நீட்டிக் காட்டி வளர்ந்தவ நான். வெள்ளை ஷூவுல ஒரு பொட்டு இருந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சுத்தம்னா சுத்தம், அதுக்கு ஜாதி மதம் கிடையாது.

அவ ஈரத்தலையோட படுத்துட்டா. சாப்பிடல. "பிரஷ்ஷை நான் சாயங்காலமா எழுந்து ஸ்பிரிட் போட்டுக் கழுவிக்கிறேன், நீ தொடாதே"ன்னு சொல்லிட்டுத்தான் படுத்தா. தொடாதேன்னு சொன்னது உண்மை. ஆனா நீயே யோசி. அழுது அழுது கண்ணு வீங்கித் தூங்குற பிள்ளை. எழுப்ப மனசு வருமா? விடிஞ்சா சுமங்கலி ஆகப் போற ஒருத்தி கன்னத்துல இது படப் போகுது. நான் தாய். சும்மா உக்காந்திருக்க முடியுமா?

பெரிய அண்டாவுல தண்ணியைக் கொதிக்க வச்சேன். ஒரு கை மஞ்சப்பொடி. சுருளைப் பிரிச்சு அத்தனையையும் உள்ளே போட்டேன். கழுத்து, கட்டை எல்லாம் சேர்த்துத்தான். கழுத்து நனையக் கூடாதுன்னு எனக்கு அப்ப யார் சொன்னா? கொஞ்ச நேரம் ஊறினதும் எடுத்தேன், வெள்ளை பிரஷ் தங்கம் மாதிரி இருக்கு. ஐயையோன்னு துணி துவைக்கிற பார் சோப்பைப் போட்டுத் தேச்சேன். மஞ்சள்ல சோப்புப் பட்டா என்ன ஆகும்? நீ துணி துவைச்சிருந்தாத் தெரியும். சிவந்துடும். ஆரத்தித் தண்ணி மாதிரி ஆயிடும். அந்த வெள்ளை முடி அப்படியே ரத்தமா சிவந்து என் கையில இருக்கு. அப்புறம் பச்சைத் தண்ணியை ஊத்தி ஊத்தி அலசினேன். சிவப்பு இறங்கி லேசா மஞ்சள்ல நின்னுச்சு. எல்லாத்தையும் துடைச்சு, உன்னை மாதிரியே, எவர்சில்வர் டம்ளர்ல நிமிர்த்தி வச்சேன். பொழுது சாஞ்சதும் தொட்டுப் பாத்தேன், காஞ்ச மாதிரி இருந்தது. சுருள்ல சொருகி, நாடாவைக் கட்டி, அவ பைக்குள்ள வச்சுட்டேன். எழுந்து வந்து, "பிரஷ் எங்கம்மா?"ன்னா. "கழுவி பையில வச்சுட்டேன், போ"ன்னேன். அவளுக்கு அப்ப இருந்த நிலைமையில பிரிச்சுப் பாக்கத் தோணல. அது என் தப்பா?

விடியக்காலையில மண்டபத்துல இருந்து போன்.

"அம்மா, பிரஷ்ல முடி கொட்டுது. மஞ்சளா வேற இருக்கு. என்ன செஞ்சே?"

குரல் ஒரு மாதிரி இருந்தது. பதட்டப்படுறாளேன்னு நான் தைரியம் சொன்னேன். என்ன சொன்னேன்? அம்மா சொல்ற மாதிரிதான் சொன்னேன். "என்னட்டி செய்வாங்க? சாவு வீட்டுக்குப் போயி பொணத்து மூஞ்சியில தடவிட்டு வந்த பிரஷ்ஷை அப்படியேவா கல்யாண வீட்டுக்கு அனுப்புவேன்? கொதிக்கிற மஞ்சத் தண்ணில முக்கி எடுத்திருக்கேன். இனி ஒரு தோஷமும் ஒட்டாது. தைரியமா பொண்ணுக்குப் போடு"ன்னேன்.

அந்தப் பக்கம் எவளோ ஒருத்தி, "ஏ யாத்தே!"ன்னு கத்துறா. இன்னொருத்தி, "எந்திரிட்டி, எந்திரி! முகத்தைக் கழுவு!"ங்கிறா. நாற்காலி விழுற சத்தம். போன் கட்டாயிடுச்சு.

அவ கையெல்லாம் க்ரீம், அதனால போனை மேஜையில வச்சு ஸ்பீக்கர்ல போட்டிருக்கா. கல்யாணப் பொண்ணு, அத்தைக்காரி, சித்திக்காரி, பூ கட்டுறவ வரைக்கும் கேட்டிருக்காங்க. ஸ்பீக்கர்ல போடுறவ "அம்மா, ஸ்பீக்கர்ல இருக்கே"ன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சொல்லு. அது பேசிக் மேனர்ஸ் இல்லையா? எங்களுக்கெல்லாம் போன் எடுத்தா முதல்ல என்ன சொல்லணும்னு தனியா கிளாஸே இருந்தது.

அந்தப் பொண்ணை மறுபடி தலைக்குக் குளிக்க வச்சு, கண்ணு சிவக்கச் சிவக்க மணமேடைக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். பவுடர் கூடப் போடலையாம். ஊர் பூரா பரவிடுச்சு. பொணத்துக்குப் போட்ட பிரஷ்ஷை மணப்பொண்ணுக்குப் போட்டா. பாளையங்கோட்டை சும்மாவா? மார்க்கெட்ல வெண்டைக்காய் வாங்குறவ வரைக்கும் என்னைப் பிடிச்சு விசாரிக்கிறா. சொல்லி வச்சிருந்த கல்யாணமெல்லாம் ஒவ்வொண்ணா கைவிட்டுப் போச்சு.

அந்தக் கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல இருந்து அவ திரும்பி வந்தப்ப நான் இட்லி எடுத்துக்கிட்டிருந்தேன். "சாப்பிடு, வா"ன்னேன். சுருளைக் கொண்டு வந்து இதே மேஜையில வச்சா. கத்தல. அவ கத்தியிருந்தா நானும் ரெண்டு கத்து கத்தி, சாயங்காலம் சரியாப் போயிருக்கும். எங்க வீட்டுல அப்படித்தான். மெதுவா சொன்னா. "இந்தா. நீயே வச்சுக்கோ. நல்லா கழுவு. ஆனா நீ எவ்வளவு கழுவினாலும் அது போகாதும்மா."

ரெண்டு நாள்ல பெட்டியைக் கட்டிட்டா. ஊர்லதான் இருக்கா, முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு ரூம். பஸ் ஏறினா ரெண்டே ஸ்டாப். என் போனை எடுக்கிறதில்ல.

நீ எப்படி எடுத்துக்குவியோ தெரியாது, நான் அந்த வார்த்தையை ஆயிரம் தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். நல்லா கழுவுன்னு சொல்லியிருக்கா. தூக்கிப் போடுன்னு சொல்லல. வேண்டாத பொருளை யாராவது கழுவி வைக்கச் சொல்லுவாங்களா? மஞ்சள் போகாதுன்னு சொன்னதுதான் என்னால தாங்க முடியல. போகாதாமே! இருபத்தஞ்சு வருஷமா இந்த வீட்டுல ஒரு சட்டையில கறை தங்கியிருக்கா? அவ ஸ்கூல் யூனிஃபார்ம்ல இங்க் கறை இருந்ததுண்டா? எனக்கா சவால் விடுறே? அன்னைக்கே போனை எடுத்து வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். கழுத்து, கோந்து, ஷாம்பு, எல்லாம் அப்படிக் கத்துக்கிட்டதுதான்.

என்ன? வெயில்ல போடவா? ஏம்மா, மஞ்சக் கறை வெயில்ல போகும்னு எனக்குத் தெரியாதா? எத்தனை வேட்டியைப் போட்டு எடுத்திருக்கேன். ஒரே நாள் மாடியில வச்சாப் போதும், பால் மாதிரி ஆயிடும். ஆனா இப்பத்தானே சொன்னேன், வெயில்ல வச்சா முடி ஒடிஞ்சிடும். ஏற்கனவே கோந்து விட்டுப் போன பிரஷ். வாரத்துக்குக் கொஞ்சமா கொட்டிக்கிட்டுத்தான் இருக்கு. அந்தக் கிண்ணத்துல பாரு, அடியில. இன்னைக்குக் கொட்டினது. மஞ்சள் போகணும், முடி இருக்கணும். ரெண்டும் வேணும்னா பொறுமையாத்தான் செய்யணும். எனக்குப் பொறுமை கிடையாதுன்னு ஊரே சொல்லும். பாத்தியா, ஒரு வருஷமா உக்காந்திருக்கேன்.

எங்க வீட்டுக்காரங்க? அவங்க சாயங்காலம் வாக்கிங் போயிடுவாங்க. முன்னெல்லாம் ஈஸி சேரை விட்டு எழுந்திரிக்க மாட்டாங்க. பிள்ளை போன பிறகு திடீர்னு உடம்பு மேல அக்கறை. குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. சில நாள் காலையிலயே கூட. நல்லதுதானே. திரும்பி வர்றப்ப சட்டையில ஊதுபத்தி வாசனை, பன்னீர் வாசனை. கோயில்ல உக்காந்துட்டு வர்றாங்கன்னு நினைக்கிறேன், நான் கேக்கிறதில்ல. வந்ததும் நேரா கொல்லைப் பக்கம் போய் தலையோட பச்சைத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் உள்ளே வருவாங்க. முப்பது வருஷம் சொல்லிச் சொல்லி வராத சுத்தம், இப்ப தானா வந்திருக்கு. சொன்னா நம்ப மாட்டே, அழுக்குச் சட்டையைக் கூட அவங்களே அலசிப் போட்டுடுறாங்க. ராத்திரிச் சாப்பாடுதான் சரியா இறங்குறதில்ல. வயசாயிட்டா பசி குறையும்தானே.

என்ன, முகத்தை அப்படி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே? சொல்ல வந்ததைச் சொல்லு. மென்னு முழுங்காதே, எனக்குப் பிடிக்காது.

சமாதானபுரமா? உன் பெரியம்மா தவறிப் போனதா? ஆமா, போன மாசம் லீவு போட்டுட்டுப் போனியே. அதுக்கென்ன?

மேக்கப்புக்கு ஒரு பொண்ணு வந்தாளா? சாவு வீட்டுக்கா?

ஃப்ரீசர் பாக்ஸ்காரன் நம்பர் கொடுத்தானா. இப்பல்லாம் டவுன் வரைக்கும் அவளைத்தான் கூப்பிடுறாங்களா. இருக்கும். பேரு திலாவா? ஊர்ல எத்தனையோ திலா இருப்பா. அது எம் பிள்ளையா இருக்காது, ஜெனிட்டா. அவகிட்ட பிரஷ்ஷே இல்ல. பிரஷ் எல்லாம் இதோ இங்க இருக்கு, நீயே பாக்கிறேல்ல?

புதுசா? ப்ளாஸ்டிக் முடி வச்சதா? அவ ப்ளாஸ்டிக்கைத் தொட மாட்டா. நிஜ முடி மாதிரி பவுடரைப் பிடிக்காதும்பா. என்னது? ஒவ்வொரு வீட்டுக்கும் தனி செட்டு, வேலை முடிஞ்சதும் சவப்பெட்டிக்குள்ளயே வச்சு அனுப்பிடுறாளா? கழுவுறதே இல்லையா?

கழுவுறதே இல்ல.

அப்ப அது அவ இல்ல. நான் வளர்த்த பிள்ளை கழுவாம இருக்க மாட்டா. நீ வேற யாரையோ பாத்திருக்கே. என்ன பேசினா, சொல்லு. பேச்சை வச்சே நான் சொல்லிடுவேன்.

உன் பெரியம்மாகிட்டயா? செத்தவங்ககிட்டயா பேசினா?

...

இன்னொரு தடவை சொல்லு.

"கண்ணை மூடிக்கோங்க. கூசும், சிரிச்சிடாதீங்க."

அப்படியா சொன்னா. பக்கத்துல நின்ன உங்க பெரியப்பா அதைக் கேட்டுத்தான் வாய் விட்டு அழுதாங்களா. ம். பழக்கம். வாய் தானா வந்துடும். அவளே சொல்லியிருக்கா.

தனியாவா வந்திருந்தா? பொம்பளைப் பிள்ளை, முன்னப்பின்ன தெரியாத வீட்டுக்கு... துணைக்கு ஒரு பெரியவரா? பையை வாங்கி வச்சுக்கிட்டு வெளியே பந்தல்லயே நின்னாரா? குடையோட. சாப்பிடச் சொன்னதுக்கு, பொண்ணு ரூம்ல சமைச்சு வச்சிருக்கா, போய்ச் சாப்பிட்டுக்கிறேன்னாரா.

குடைப் பிடியில என்ன இருந்ததுன்னு உன்னைக் கேட்டேனா நான்? அதெல்லாம் எதுக்குக் கவனிச்சே? டேப் எல்லாக் கடையிலயும் விக்கிறான். சிவப்பு டேப் சுத்துன குடை ஊர்ல நூறு இருக்கும். போதும், விடு.

ஆடியில கல்யாணம் கிடையாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். சாவுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? அவளுக்கு நாள் தவறாம வேலை இருந்திருக்கு.

நீ ஏன் எழுந்திரிக்கிறே? உக்காரு. உன் பிரஷ்ஷைப் பாதியில விட்டுட்டா போவே? அந்தத் துண்டை எடு. இப்படி, நுனியைப் பிடிச்சு ஒத்து. முறுக்காதே. கழுத்தைத் தொடாதேன்னு சொன்னேன்ல. விளிம்புல படுக்க வை. அவளோடதுக்குப் பக்கத்துலயே வை, பரவாயில்ல, இடம் இருக்கு. காலையில வந்து எடுத்துக்கோ.

கேட் சத்தம் கேக்குதா? அவங்க வந்துட்டாங்க. இங்க வர மாட்டாங்க, நேரா கொல்லைக்குத்தான் போவாங்க. நீ ஒண்ணும் சொல்லாதே. நானும் கேக்க மாட்டேன். கேட்டா அவங்க பதில் சொல்லணும். சொல்லிட்டா, நாளையிலேருந்து நான் இந்த மேஜையில உக்காந்து என்ன செய்யிறது?

வாளியில தண்ணி விழுது பாரு. ஊத்திக்கிறாங்க. இன்னைக்கு யார் வீடோ.

அந்தக் குண்டு பிரஷ்ஷை இப்படிக் கொடு. ஷாம்பு பாட்டிலையும். கழுவியாச்சு, தெரியும். இன்னொரு தடவை கழுவுறேன்.